மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பன்னிரண்டு நாள்

பிப்ரவரி 3, திங்கள்

பெங்களூர் வந்து சேர்ந்தோம். மகள் நித்யஸ்ரீ ஆறு மாதக் கர்ப்பம். பேரன் இனியனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா மடியில்தான் நிற்பேன் என்று வயிற்றிலேயே மிதித்துக்கொண்டு வந்தான். அவளுக்கு ஒண்ணுக்குப் போகவேண்டும், வண்டி நிற்கவில்லை. கிருஷ்ணகிரி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நான்தான் கண்டக்டரிடம் சத்தம் போட்டேன்.

மாப்பிள்ளை கதிர்வேல் இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம், லீவுக்குத்தான் ஊருக்கு வருவார். இவர்களை அவர் கண்ணில் கொஞ்ச நாள் காட்டிவிட்டு, ஏழாம் மாதத்துக்குள் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். பிரசவம் நம் வீட்டில்தான்.

பிப்ரவரி 5, புதன்

ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். கடை போர்டுகளில் எங்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. நான் அஞ்சாவது வரை படித்ததெல்லாம் ஓசூரோடு முடிந்தது. லிப்டில் ஒரு அம்மாள் என்னமோ கேட்டாள். தலையை ஆட்டி வைத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

லால்பாக் பூந்தோட்டம் போனோம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். பாதி தூரத்தில் இனியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா தூக்கு". அந்த வயிற்றோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். "எங்கிட்டக் குடு சாமி" என்று வாங்கினேன். தோளில் கடித்துவிட்டான். நித்யா சிரித்தாள். "கடிச்சா கடிக்கட்டும், உடாதம்மா!"

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வார் பதிந்த இடத்தில் பள்ளம். இரண்டு காலும் வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன், செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாப்பிள்ளை கேட்டார்: "அத்தை, இங்க பொழுது போகுதுங்களா?"

"எங்கீங்க மாப்பிள்ளை. எருமையை அடுத்தவங்க கையில உட்டுட்டு வந்தது. எப்படா ஊட்டுக்குப் போலாம்னு இருக்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்து வீட்டு ஆத்தாயி நன்றாகத்தான் பால் கறக்கிறாள். பெண் கொடுத்த வீட்டில் நாள்கணக்கில் உட்கார்வது நம்ம பக்கம் வழக்கமில்லை. மாப்பிள்ளை வாயால் "இருங்க" என்று சொன்னால் அது வேறு. சொல்லாமல் இருந்தால், சோற்றுக்கு இருக்கிறாள் என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டரம்மா பிரஷர் அதிகம் என்றாள். இனி பஸ் பயணம் கூடாது, பிரசவம் இங்கேயே. நித்யா அழுதாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். சரி, நானும் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

சாயந்தரம் மாப்பிள்ளை போனை நீட்டினார். "அத்தை, உங்களுக்கு வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டனுங்க. ஜன்னல் சீட்டு. பாவம், ஊட்டு நெனப்பாவே இருக்கறீங்க. எங்கம்மாவை வரச் சொல்லிட்டனுங்க."

"நல்லதுங்க" என்றேன்.

நித்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டேன். வேற என்ன செய்யறது? வாயைத் தொறந்து கேக்கறதா?

பிப்ரவரி 14, வெள்ளி

சம்பந்தி பூவாத்தாள் விடிந்ததும் வந்து இறங்கினாள், இரண்டு பெரிய பையோடு. "மவன் கூப்புடறதுக்கு முன்னாலயே நானே போன் போட்டு வாரேன்னுட்டேன் சம்பந்தி. ஊடு பூட்டிக் கெடந்தா கெடக்குது!" என்று சிரிக்கிறாள். கேட்கக் கூச்சமே இல்லை அவளுக்கு.

கிளம்பும்போது இனியன் அழவில்லை. அவள் பையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

ஜன்னல் சீட்டுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆட்டையாம்பட்டி, நம் வீடு. ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் அடுப்பு வைத்த மாதிரியே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

நித்யா பேசினாள். முதல் கேள்வி, "எருமை எப்படிம்மா இருக்குது?" நேற்று மாப்பிள்ளையும் அதைத்தான் கேட்டார். எல்லாருக்கும் எருமை மேல்தான் அக்கறை. ஏன் கேட்கமாட்டார்கள்? நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

கால் எப்படி என்றேன். "அப்படியேதான்" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22, சனி

காலையில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என்ன பேச வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எல்லாம் மறந்துவிட்டது.

"மாப்பிள்ளைங்க, எருமைக்கு ஆளிருக்குதுங்க. முன்னயே இருந்துதுங்க. எனக்குத்தான் இங்க இருப்புக் கொள்ளலைங்க. எம் பொண்ணுகிட்ட இருக்கோணும். நான்... நான் வரட்டுங்களா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நீங்க போகோணும்னே நின்னீங்க. எப்படி இருங்கன்னு சொல்றதுன்னு பயந்துட்டனுங்க. இவ நெதமும் அழுவறா. எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, மடிவாளா பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கறன்."

பின்னால் சம்பந்தி குரல்: "வரச் சொல்லு கண்ணு, இந்தப் பயலோட ஓடி எனக்கு முட்டி போச்சு!"

ஆத்தாயியிடம் சாவியைக் கொடுத்தேன். பையில் இரண்டு சேலை வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பீரோவைத் திறந்து இன்னும் ஆறு சேலை எடுத்து வைத்தேன்.