சீட்டில் கோழி என்று எழுதப்பட்ட நாய் குறித்து

அனுப்புநர்
க. இசக்கித்தாய் (வயது 16),
த/பெ கருத்தையா,
வாய்க்கால் தெரு, தச்சநல்லூர்,
திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: 3.11.1996 அன்று தனியார் பேருந்தின் கூரையில் ஏற்றப்பட்ட என் நாய் காணாமல் போனது – சுமைச் சீட்டில் ‘கோழி’ என்று இருப்பதைத் திருத்தவும், நாயைத் தேடித் தரவும் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, வீட்டில் பீடி சுற்றி வருகிறேன். ஐந்து வருடமாகச் செவலை என்ற நாயை வளர்த்தேன். சென்ற வருடத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரோ அதன் வாலில் சரவெடியைக் கட்டிக் கொளுத்திவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு ஒரு தட்டு கீழே விழுந்தாலும் அது அடுப்புக்குப் பின்னால் போய் நடுங்கும். அன்று முழுவதும் சாப்பிடாது. எங்கள் வீடு மெயின் ரோட்டுக்குப் பக்கம். லாரிச் சத்தம் ஓயாது.

2. எனவே இந்தத் தீபாவளிக்கு முன்பாக அதை அமைதியான ஓர் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று ஆவணி மாதத்திலிருந்தே தேடினேன். குறுக்குத்துறை ஆற்றங்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே கூட்டிப் போனேன். காலை எட்டு மணி வரை நன்றாக இருக்கும். பிறகு ஒலிபெருக்கி போட்டுவிடுவார்கள். பாய் ஏற்றி வந்த வேன் ஒன்றில் பத்தமடைக்குப் போனோம். அங்கே வாய்க்கால் ஓரம் ஆள் பேச்சே இல்லை. வெகுநாளுக்குப் பிறகு செவலை அங்கேதான் மல்லாந்து படுத்துப் புரண்டது. ஆனால் காயப் போட்டிருந்த கோரையை மிதித்துவிட்டது. அங்கிருந்த ஒரு அம்மா, “நாய் மிதிச்ச கோரையில பாய் நெஞ்சா எவட்டி படுப்பா, கூட்டிட்டுப் போயிரு” என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

3. கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே ஆற்றங்கரைத் தோப்பில் காவல் இருக்கும் என் தாய்மாமா பரமசிவன், “இங்கன ஆத்துச் சத்தம் மட்டுந்தான். கூட்டிட்டு வா தாயி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்று சொல்லியனுப்பினார். நாய்க்கு இடம் உண்டு என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

4. மேற்படி தேதியில் சந்திப்புப் பேருந்து நிலையத்தில், பாபநாசம் செல்லும் பேருந்தின் நடத்துநர் திரு. இசக்கியப்பன் என்னிடம் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: “நாய்க்குச் சீட்டுக் கிடையாதுட்டி. கூடையில வச்சு மேல போடு. கோழின்னு எழுதிக்கிடுதேன், எவன் ஏறிப் பாக்கப் போறான்.” அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். நானும் தலையாட்டினேன். இதில் என் தவறும் உண்டு. வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்று செவலையின் இரண்டு காதிலும் பஞ்சை வைத்து, என் பழைய தாவணியைக் கிழித்துத் தலையோடு சேர்த்துக் கட்டினேன். கூடையின் வாயைச் சாக்கு வைத்துத் தைத்தேன்.

5. கல்லிடைக்குறிச்சியில் பண்டிகைக் கூட்டத்தில் நெருக்கி இறங்கி, பின்பக்க ஏணிக்குப் போனேன். என் கை ஏணியில் இருந்தபோதே விசில் ஊதிவிட்டார்கள். “அண்ணாச்சி, கூடை” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று உறுதியாக எழுத முடியவில்லை. நான்கு பேர் நடுவில் எனக்குக் குரல் வராது. வண்டி போய்விட்டது.

6. அதே வண்டி திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். கூடை வந்தது. நடத்துநர், “ஏட்டி, ஒன் கோழி அம்பையில பறந்துட்டு” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் யாரோ வெடி போட்டதாகவும், நாய் சாக்கைக் கிழித்துக்கொண்டு கூரையிலிருந்து குதித்து ஓடியதாகவும் சொன்னார்.

7. மாமாவோடு தீபாவளி வரை ஆற்றின் இரண்டு கரையிலும் தேடினேன். மதார் என்ற டீக்கடைக்காரர், தலையில் துணி கட்டிய நாய் ஒன்று ஆற்றுப் பாலத்தின் பக்கம் நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறார். வேறு ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு உரக்கக் கூப்பிட வராது. செவலைக்கு என் குரல் போதுமானதாக இருந்ததால் அதை நான் குறையாக நினைத்ததில்லை. இப்போது அதன் காதில் பஞ்சு இருக்கிறது. நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டிருந்தாலும் அதற்குக் கேட்டிருக்காது. வைத்தது நான்தான்.

8. பேருந்துக் கம்பெனி அலுவலகத்தில் கணக்கர் திரு. குற்றாலலிங்கம் சீட்டை வாங்கிப் பார்த்து, “கோழின்னுல்லா போட்டிருக்கு. கோழிக்குத்தான் நாங்க பொறுப்பு” என்றார். எட்டு நாள் கழித்து ஒரு கோழியை ஆள் மூலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ‘என் கோழி எனக்குக் கிடைத்துவிட்டது’ என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். வந்தவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகையால் காகிதத்தின்படி எனக்கு இப்போது எந்த இழப்பும் இல்லை.

9. ஐயா அவர்கள் அந்தச் சீட்டிலும் காகிதத்திலும் கோழி என்ற இடத்தில் நாய் என்று திருத்த உத்தரவிட வேண்டுகிறேன். நாய் என்று எழுதாதவரை அதை யாரும் தேட மாட்டார்கள். இனிமேல் நாயோடு வருகிறவர்களுக்கு நாய் என்றே சீட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார இடம் தரவும் வேண்டுகிறேன். விசாரணைக்கு அழைத்தால் வருவேன். கேட்பதற்கெல்லாம் எழுதிப் பதில் தர அனுமதிக்க வேண்டும்.

10. இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. மழையும் விடவில்லை. கிடைக்கும் என்று நம்பி நான் இதை எழுதவில்லை. அந்தத் தடத்தில் ஓடும் ஓட்டுநர், நடத்துநர் யார் கண்ணிலாவது பட்டால், தயவுசெய்து ஹாரன் அடிக்க வேண்டாம், துரத்த வேண்டாம். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தால் அதுவே பைய கிட்டே வரும். காதில் கட்டிய துணியை அவிழ்த்து, பஞ்சை எடுத்துவிடச் சொல்லுங்கள். என்னிடம் கொண்டுவர முடியாவிட்டாலும், அதை மட்டுமாவது செய்யச் சொல்லுங்கள்.

இடம்: தச்சநல்லூர்
நாள்: 25.11.1996

பணிவுடன்,
க. இசக்கித்தாய்

இணைப்பு: சுமைச் சீட்டு (கோழி – 1).
கம்பெனி கொடுத்த கோழி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. கேட்கும்போது ஒப்படைக்கிறேன்.