ஏழு வருஷத்து ஃப்ளைவீல்

மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று போனில் கேட்க வழியில்லை. என் எண்ணையும் உங்கள் தங்கையின் எண்ணையும் நீங்கள் தடுத்து வைத்து ஏழு வருஷம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா?

நம் சிவப்பு ரேஸ் காரை மறுபடி எழுப்பிவிட்டேன். பாகம் பிரித்த அன்று என் பங்குக்கு வந்த கூடும் எஞ்சினும் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. கார்பரேட்டர்கள் உங்களிடம் போய்விட்டதால், பழைய ரேஸ் சாமான் விற்கும் கடைகளில் ஒரு வருஷம் அலைந்து வேறு ஜோடி பிடித்தேன். 23ஆம் தேதி, ஞாயிறு, பழைய விமான ஓடுதளத்தில் கால் மைல் ரேஸ். வாருங்கள்.

உங்கள் தங்கை உங்களை விசாரித்தாள். விசாரிக்கவில்லை என்று எழுதச் சொன்னாள்.

உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வர இயலாது.

ஏழு வருஷத்துக்கு முன் அந்த ரேஸில், முதல் சுற்று நீங்கள், இறுதிச் சுற்று நான் என்று பேசி வைத்திருந்தோம். நான் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டில் நின்றீர்கள். ஜெயித்தீர்கள். பத்திரிகையில் வந்த படத்தில் நீங்களும் கோப்பையும் இருக்கிறீர்கள். வண்டிக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. இரண்டு வருஷம் நகக்கண்ணில் கிரீஸோடு கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்குக் கிடைத்தது அந்த முழங்கை. படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

எதற்கும் கேட்கிறேன்: எந்த ஃப்ளைவீல் போட்டிருக்கிறீர்கள்? புதிதாக ஒன்று வாங்கிப் போடுவது நல்லது. பழசு பழசுதான்.

இப்படிக்கு,
(உறவுமுறை மாறாததால்) மச்சான்


மார்ச் 13

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தங்கை சொன்னது: "வரமாட்டேன்னு சொல்ல ஒரு வரி போதாதா? இதுக்கு நேர்ல வந்தே திட்டிட்டுப் போயிருக்கலாம்."

ஃப்ளைவீல் அதேதான். பாகம் பிரித்தபோது நான் முதலில் கை வைத்தது அதில்தானே? அவ்வளவு லேசான சக்கரம் இனி எங்கே கிடைக்கும்!

தட்டிப் பார்த்தீர்களா என்பீர்கள். அது எப்போதும் உங்கள் வேலை. எந்தச் சாமானையும் கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டி, மணி மாதிரி நீளமாக ஒலித்தால்தான் என்னைப் பூட்ட விடுவீர்கள். எஞ்சின் சத்தத்தில் என் இடது காது அப்போதே போய்விட்டது. இப்போது வலதும் அரைதான். உங்கள் கை பட்டு வந்த சாமானைத் தட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? நேற்றே பூட்டிவிட்டேன்.

உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளை,

இதைப் படித்த பிறகு வண்டியை எடுக்காதீர்கள். அந்த ஃப்ளைவீலில் விரிசல் இருக்கிறது.

பாகம் பிரிப்பதற்கு முதல் நாள், நீங்கள் இல்லாத நேரத்தில் ஷெட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். மற்றதெல்லாம் ஒலித்தது. அது மட்டும் 'டப்' என்று அடங்கியது. மறுநாள் நீங்கள் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டுப்போனதை உங்கள் தலையில் கட்டிய திருப்தி எனக்கு.

வண்டி மறுபடி ஓடும் என்று நினைக்கவில்லை. ஆனால் ஓடப்போகிறது என்று முதல் கடிதத்திலேயே தெரிந்தது. அப்போதும் 'பழசு பழசுதான்' என்று சுற்றி வளைத்து எழுதினேன். 'உங்கள் கை பட்டு வந்த சாமான்' என்ற வரியைப் படித்த பிறகு சாதம் இறங்கவில்லை.

எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும்போது, அதோடு சேர்ந்து சுழலும் அந்தச் சக்கரம் உடைந்தால், துண்டுகள் முதலில் தேடிப் போவது ஓட்டுபவரின் கால்களைத்தான். வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு இதை விளக்குகிறவன் நான்.

போனில் சொல்ல முகமில்லை. கூரியரில் அனுப்புகிறேன். நாளை கிடைத்துவிடும் என்கிறார்கள்.

மச்சான்


மார்ச் 24

அன்புள்ள மச்சானுக்கு,

நாளை கிடைக்கும் என்ற கூரியர் இன்றுதான், ரேஸ் முடிந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. பொறுக்க முடியாமல் சனிக்கிழமை காலை நீங்கள் போன் செய்தீர்களே, அதனால் பிழைத்தேன்.

நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். உங்கள் தங்கை போனோடு ஓடி வந்தாள்.

"அண்ணன் பேசறார். ஃப்ளைவீலைக் கழட்டச் சொல்றார்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு என்ன ஏழெட்டு அண்ணனா இருக்காங்க? முதல்ல கழட்டுங்க!"

"எதுக்காம்?"

"அதைச் சொல்ல முடியல அவருக்கு. அழறார்."

"நான் ஒண்ணும் அழல!" என்று நீங்கள் கத்தியது என் அரைக் காதுக்கே கேட்டது.

கியர்பாக்ஸை இறக்கிச் சக்கரத்தைக் கழற்ற மத்தியானம் ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். சிறிது நேரத்தில் ஒரு போல்ட் துளையிலிருந்து விளிம்பை நோக்கி விரல் நீளத்துக்கு, விரிசலில் இறங்கிய எண்ணெய் ஈரக்கோடாக எழுந்தது. உங்கள் தங்கை அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் கணுக்கால் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். அது உடைந்தால் எங்கே பாயும் என்று அவளுக்கும் தெரியும்.

இதே எஞ்சின் உள்ள பழைய வேனிலிருந்து ஒரு கனமான ஃப்ளைவீலைக் கொண்டுவந்து மாட்டி ஓட்டினேன். முதல் சுற்றிலேயே ஒரு பல் டாக்டரிடம் தோற்றேன். தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியதே இல்லை.

கோபம் வரவில்லையா என்றால், வந்தது. இன்று உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் வந்தது. ஒரு டீ குடித்து முடிக்கும் வரை இருந்தது. பிறகு அந்த ஹெல்மெட் ஞாபகம் வந்தது. நேரமாகிவிட்டது, கொடிக்காரர் அவசரப்படுத்தினார் என்று ஊரெல்லாம் சொன்னேன். அதெல்லாம் சும்மா. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்தது, ஆசைப்பட்டேன். அது உங்கள் ஓட்டம் மச்சான்.

உங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை போனை வைத்தபின் ஒரு மாமாங்கத்துப் பசி பசித்தது. ஞாயிறு காலை மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. 'தோத்துட்டார். முழுசா வந்துட்டார்' என்று தங்கை செய்தி அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தேன். அவள் செய்தி வருவதற்காக உங்கள் எண்களின் தடையை எடுத்துவிட்டிருந்தேன். இனிப் போட மாட்டேன்.

ஹெல்மெட் விஷயத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பாதி மன்னித்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு, அடுத்த ரேஸில் எல்லாச் சுற்றும் என்னுடையது. அந்தப் பல் டாக்டரும் என்னுடையவர்.

நான் செய்தது ஹெல்மெட்டை விடப் பெரியது. நீங்கள் அதை ஒரு டீயோடு முடித்துவிட்டீர்கள். உங்கள் குணம் அப்படி. என் குணம் இப்படி.

என் பங்குக் கார்பரேட்டர்களைப் பெட்ரோலில் கழுவித் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். ஞாயிறு காலை கொண்டுவருகிறேன். அந்த வேன் ஃப்ளைவீலைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு வையுங்கள். யார் கை பட்டு வந்ததாக இருந்தாலும் சரி. சுத்தியல் என்னிடம் இருக்கிறது.

உங்கள்,
மச்சான்