காதுக்குப் பின்னால் பார்ப்பவள்

நாளை பெருநாள். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மாலையில் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், அவளுடைய நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்த மைலாஞ்சிக் கோன்களை, அதுதான் மருதாணி, மேசைமேல் பிரித்து வைத்திருந்தாள். பேத்திகள் இருவரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு கோனை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இலையின் வாசம் பேருக்குத்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம், மூக்கின் உள்ளே போய்க் குத்துகிற வாசம். அட்டையில் கறுப்பு என்று போட்டிருந்தது.

“உம்மா, சோதனை தொடங்கியாச்சா?” என்றாள் மகள்.

தொடங்கியாச்சு. கோன்கள் எல்லாம் இப்போது என் பைக்குள் இருக்கின்றன. நாத்தனார்க்காரிக்கு முகம் வாடிவிட்டது. வாடினால் வாடட்டும். அந்த வாசம் மூக்கில் ஏறியதிலிருந்து நீங்கள் என் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், மச்சான். மற்றப் பெண்களுக்கு அத்தர் வாசத்தில் புருஷன் நினைவு வரும். எனக்கு வாய்த்தது இது.

அந்தத் தடவை நீங்கள் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோதே எனக்கு ஏதோ இடித்தது. போகும்போது பாதி நரைத்த தலையோடு போன மனிதர், வரும்போது முழுக்கக் கறுத்த தலையோடு வந்து நின்றீர்கள். கேட்டதற்கு, “அந்த ஊரு தண்ணி அப்பிடி” என்றீர்கள்.

“வளைகுடா தண்ணியில முடி கொட்டும்ணுதான் எல்லாரும் சொல்லுவாவ. கறுக்கும்ணு நீங்க ஒராள்தான் சொல்லுதிய” என்றேன்.

“நீ போலீசுல சேர வேண்டியவ. தப்பிப்போயி எனக்கு வாக்கப்பட்டுட்ட” என்று சொல்லிவிட்டுச் சாயாவைக் குடித்தீர்கள். அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

லீவு முடியும் தறுவாயில் நான் என் உம்மா வீட்டுக்கு ஒரு நாள் போய்விட்டு வந்தேன். மறுநாள் உங்கள் அக்கா குடும்பத்தோடு எல்லோரும் வேன் பிடித்துத் திற்பரப்புக்குக் குளிக்கப் போனோம். அருவியில் நீங்கள் தலையைக் கொடுக்கவே இல்லை. ஓரமாக நின்று இடுப்புவரை நனைத்துக்கொண்டு வந்தீர்கள். அதையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன். திரும்பும்போதே தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டீர்கள். அடுத்த நாள் விடிந்தபோது முகம் முகமாக இல்லை. இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கிடந்தன. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், காதோரம் தடிப்பு, பிடரியில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

உங்கள் அக்கா, என் மைனி, பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இது சேரு பிடிச்சது. அருவிக்கரையில எங்கயோ சேரு மரத்துக்க அடியில போயிருக்கான்.” நம் பக்கத்தில் அந்த மரத்தின் பெயரைக் கேட்டாலே சிலருக்கு அரிக்கும். பால் மேலே பட்டால் உடம்பு தடித்துப் புண்ணாகும் என்பது உண்மைதான். தான்றி மரத்தைச் சுற்றி வந்தால் சேரு இறங்கும் என்றும் சொல்வார்கள். மைனி தான்றி எங்கே இருக்கிறது என்று ஆள் விட்டு விசாரித்ததோடு நிற்காமல், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உங்கள் நெற்றியில் அப்பினார். ஒரு மணி நேரத்தில் கசிவு இரட்டிப்பானது.

எனக்கு விந்தையாக இருந்தது உங்கள் முகம் அல்ல, நீங்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்ட வேகம். எந்த விஷயத்திலும் அக்காவோடு மல்லுக்கு நிற்கிற ஆள், அன்று “ஆமா ஆமா, ஒரு பெரிய மரம் நிண்ணுது, சேருதான்” என்று தலையாட்டினீர்கள்.

உங்களைப் படுக்கவைத்துவிட்டு நான் யோசித்தேன். மரத்தடியில் போனவர்கள் எல்லோரும்தானே, மற்ற யாருக்கும் ஏன் ஒன்றும் இல்லை? மரம் பிடித்திருந்தால் கையில் அல்லவா, காலில் அல்லவா முதலில் வரவேண்டும்? உங்கள் கையும் காலும் சுத்தமாக இருந்தன. முடி இருக்கும் இடத்தைச் சுற்றி வேலி கட்டியதுபோல அந்தத் தடிப்பு நின்றது. மீசைக்குக் கீழேயும் கொஞ்சம். நீங்கள் கண் மூடிக் கிடந்த சமயம் பார்த்து உங்கள் காதுமடலை மெல்ல மடக்கிப் பார்த்தேன். அங்கே தோலில் ஒரு கறுப்புக் கோடு, துடைக்க மறந்தது.

பிறகு வீட்டைச் சோதனை போட்டேன். குளிமுறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய டூத்பிரஷ் கிடைத்தது. நார் முழுக்கக் கறுப்பு. மச்சான், அந்த பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். ஐம்பது தாண்டிய ஆம்பிளை, பெண்டாட்டி இல்லாத நேரம் பார்த்துத் தலைக்குக் கறுப்பு அடிக்கிறார், அதை மரத்தின் மேல் பழி போட்டு மறைக்கிறார் என்றால், யாருக்காக? அங்கே எவள் இருக்கிறாள்? அப்படிச் சந்தேகப்பட்டதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் இடத்தில் எவள் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மார்த்தாண்டத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்தம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, “தலைக்கு என்ன போட்டீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல டாக்டர், தேங்காய் எண்ணெய்தான். சேரு மரத்துக்க அடியில போனேன்.”

நான் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பிரஷை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். டாக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உங்களால் கண்ணைத் திறந்து என்னை முறைக்கக்கூட முடியவில்லை.

“அது மைலாஞ்சிதான் டாக்டர்” என்றீர்கள் மெதுவாக. “தலைக்கும் தாடிக்கும் மைலாஞ்சி இடுறது சுன்னத்து, நபி காட்டின வழி. இல போலத்தான் அதுவும்.”

“இலை சிவக்கத்தான் செய்யும். அரை மணி நேரத்தில் கறுக்குதுன்னா அதில் தலைச்சாய மருந்தைக் கலந்திருக்காங்கன்னு அர்த்தம். இதுக்கு முன்னாடி போட்டப்போ அரிச்சுதா?”

அரித்திருக்கிறது. தம்மாமில் தொழிலாளர் கேம்பில் போட்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அரித்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் குளிப்பதால் என்று விட்டிருக்கிறீர்கள். உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, நீங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் தலையில் மிச்சம் இருப்பது போகும்வரை நிறையத் தண்ணீர் விட்டு அலசச் சொன்னார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து, கசிகிற இடத்தில் அடிக்கடி ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள், வேப்பிலை, எண்ணெய் எதுவும் படக்கூடாது. களிம்பு பிடரிக்கும் காதுக்கும் மட்டும், கண்பக்கம் போகவே கூடாது. வீக்கத்துக்கு மாத்திரை, வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

“உங்க உடம்பு இதைப் பகைச்சுக்கிட்டுது. இனி எத்தனை வருஷம் கழிச்சுப் போட்டாலும் மறக்காது. அடுத்த தடவை இதைவிட மோசமா வரும். தொண்டை வீங்கி மூச்சு அடைச்சா, பக்கத்தில் ஆள் இல்லன்னா, ஒண்ணும் செய்ய முடியாது.”

ஆட்டோவில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்களாகவே பேசினீர்கள். “விசா புதுக்க போட்டோ எடுக்கணும். அதுக்குத்தான்.”

“போட்டோல நரை இருந்தா என்ன?”

“பாஸ்போர்ட்டுல உள்ள வயசப் பாக்கது ஆபீசுல. ஆளப் பாக்கது சைட்டுல. முடி வெளுத்தவன போர்மேன் ஒவ்வொருத்தனா அனுப்பிட்டு இருக்கான். கறுப்பு கூடாதுண்ணு பள்ளிவாசல்ல சொல்லுவாவ, அதான் யாருக்கும் சொல்லல்ல.”

நம்பினேனா? பாதி நம்பினேன். போர்மேன் பாதி, அங்கே இருக்கும் அவள் பாதி. நீங்கள் விமானம் ஏறும்வரை களிம்பு தடவியதும் நான்தான், உங்கள் பெட்டியைத் துழாவியதும் நான்தான். கறுப்பு மைலாஞ்சிப் பொட்டலம் ஒன்று சட்டைகளுக்கு நடுவே இருந்தது. அதை வெளியே எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன்.

“அங்க கேம்பில தொண்ட அடச்சா எனக்கு போன் வாறது செத்தாச்சுண்ணுதான், பொறத்தால மய்யித்துப் பெட்டி வரும். நீங்க திரும்பி வரும்போ நான் காதுக்குப் பின்னால பாப்பேன். கறுப்பு இருந்துதுண்ணா வீட்டுக்குள்ள வர வேண்டாம்.”

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

அதன்பின் போன் பண்ணும்போதெல்லாம் சலாமுக்கு அடுத்த கேள்வி அதுதான். “தலை என்ன நெறம்?” நீங்கள் “வெள்ளை” என்பீர்கள். நம்பாமல் உங்கள் அறையில் இருந்த குளச்சல்காரர் ஸ்டீபனிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன். அவரும் “வெள்ளைதான் அக்கா” என்பார். இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

பிறகு ஒருநாள் வரப்போவதாகச் சொன்னீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வெளியே வந்த கூட்டத்தில் நான் கறுப்புத் தலையைத் தேடிக்கொண்டிருக்க, முழுக்க வெளுத்த ஒரு மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். அத்தனை பேர் நடுவில் நான் மடக்கிப் பார்த்தேன். பழைய புண்ணின் தழும்பு லேசாக இருந்தது. கறுப்பு இல்லை.

“சோதனை முடிஞ்சுதா? வீட்டுக்கு வரலாமா?” என்றீர்கள்.

திரும்பிப் போகவில்லை. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள் என்றீர்கள். பூட்டிய கம்பெனியில் ஸ்டீபன் மட்டும் எப்படி வேலை பார்க்கிறார் என்று நான் கேட்டதற்கு, மீன் வாங்கிவரப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டீர்கள். எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு மீன் வந்தது. அந்தப் பாதிச் சந்தேகம் அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

மாரடைப்பு வந்து நீங்கள் போன அன்று, கடைசியாக முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது நான் துஆ ஓதுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் விரல் தானாகவே உங்கள் காதுமடலை மடக்கியது. எதற்கு என்று எனக்கே தெரியாது. பழக்கம்.

உங்களுக்காக வீட்டுக்குள் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த பிறகு, லீவில் வந்த ஸ்டீபன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் உங்களிடம் வந்தது; உங்களைக் காக்கா, அண்ணன் என்றுதான் அவர் சொல்வார்.

“காக்காக்கு வேல போயிருக்க வேண்டியது இல்ல அக்கா. போர்மேன் கூப்பிட்டுச் சொன்னான், முடியக் கறுப்பிச்சிட்டு வா, இல்லண்ணா விசா புதுக்க முடியாதுண்ணு. நாங்க எல்லாரும் சொன்னோம், லேசா ஒரு தடவ அடிங்க, ஒண்ணும் வராதுண்ணு. அவரு கேக்கல்ல. ‘எனக்க வீட்டுக்காரி ஏர்ப்போர்ட்டுலயே காதுக்குப் பின்னால பாப்பா, அவளுக்கிட்ட நான் என்ன சொல்ல’ண்ணு சிரிச்சிட்டு, அண்ணைக்கே பெட்டிய கெட்டிட்டாரு.”

நான் எழுந்து சாயா போட உள்ளே போனேன். பாலை அடுப்பில் வைத்தேன். நான் பார்ப்பேன் என்று நீங்கள் நம்பினீர்கள் மச்சான். வேலையைவிட அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள்.

பேத்திகள் கூப்பிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து பறித்த இலையை அரைத்து வைத்திருக்கிறேன்; சிவக்க நேரமாகும், காத்திருக்கட்டும். நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். மீன்காரி சொல்வதையும் மருந்துக்கடைக்காரர் சொல்வதையும் பெற்ற மகள் சொல்வதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புகிறேன். ஸ்டீபன் சொன்னதை மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை.