அட்டைக் கத்தியும் ஒன்றரை மணிச் சங்கும்

இதனால் நெய்வேலியின் சகல பிளாக்குகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: பள்ளிக்கூட அலமாரியில் இருந்த உன் அட்டைக் கத்தியின் நுனியை எலி தின்றுவிட்டது. பளபளப்புக்கு ஒட்டியிருந்த சிகரெட் பெட்டி வெள்ளிக் காகிதத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. ருசி தெரிந்த எலி. இந்த வருஷமும் அதே நாடகம்தான். கதாநாயகன் நான். ஆனாலும் தமிழ் ஐயா, "அவன மாதிரி வராதுடா" என்கிறார். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த உன்னோடு யாரால் போட்டி போட முடியும்? இனிமேல் நீ ஒரு வசனத்தையும் மறக்க மாட்டாய்.

போன வருஷம் நீ கதாநாயகன். நாடகத்தில் உன் அப்பாவைப் பொய் வழக்கில் தூக்கிலிட்ட மந்திரி நான். கடைசியில் என் கழுத்தில் கத்தியை வைத்துச் சபையைக் கேட்பாய்: "இவனை வெட்டினால் அது நியாயமா, பழியா? வெட்டாமல் விட்டால் என் அப்பாவுக்கு யார் நியாயம் சொல்வார்?" கைதட்டல் எல்லாம் அந்த இரண்டு வரிக்குத்தான். எனக்கு வயிறு எரியும். அதைவிட எரிந்தது, வடக்குத்து கிராமத்திலிருந்து உன் அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தது. என் அப்பா குவார்ட்டர்ஸிலிருந்து நடந்துகூட வந்ததில்லை.

உன் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஒன்றரை மணிச் சங்கு ஊதினால் எழுந்தே ஆக வேண்டும். அதற்குள் நாடகம் முடியும்படிதான் ஐயா வைத்திருந்தார். தெரிந்தேதான் செய்தேன். உயிருக்குக் கெஞ்சும் இடத்தில் இல்லாத வசனமாக அள்ளிவிட்டேன். பெண்டாட்டிக்கு, பிள்ளைக்கு, யானைக்கு, குதிரைக்குத் தனித்தனியாக அழுதேன். கூட்டம் சிரித்தது. நீ கத்தியை ஓங்கினாய், சங்கு ஊதியது. பாதிப் பந்தல் எழுந்தது. உன் அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நீ குனிந்து, "வேணும்னுதானேடா இழுத்த?" என்றாய். பிறகு அந்த இரண்டு வரியை நீ சபையிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாய். ஐயா எழுதியபடி வெட்டவும் இல்லை. கத்தியைக் கீழே போட்டாய். சாயங்காலம், "ஏறுடா" என்று உன் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனாய். இரண்டு அறை விட்டிருக்கலாம். அதிலும் நீதான் ஜெயித்தாய்.

முந்தாநாள் பள்ளிக்கூட வாசலில் உன் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, அன்னிக்குக் கடைசில எம்புள்ள இன்னாப்பா சொன்னான்? சங்கு ஊதிக்கினு இருந்துது, காதுல வுழல."

சொன்னேன். உன்னைவிட நன்றாகவே சொன்னேன்.

"யாரப் பாத்துக் கேட்டான்?"

"சபையப் பாத்துங்க. அன்னிக்குச் சங்கு சீக்கிரமா ஊதிடுச்சுங்க."

"எப்பவும் போலத்தாம்பா ஊதுச்சி" என்று சைக்கிளில் ஏறினார்.

கதாநாயகன் நான் என்று மேலே எழுதினேனே, அது முந்தாநாள் வரைக்கும்தான். நேற்று ஒத்திகையில் அந்த இரண்டு வரி வந்ததும் அதைச் சொல்லாமலே கத்தியை இறக்கிவிட்டேன். ஐயா கத்தியை வாங்கி ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கொடுத்துவிட்டார். நான் பழையபடி மந்திரி.

உன் அப்பா இந்த வருஷமும் வருகிறாராம். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மந்திரி இந்த முறை ஒரே வரியில் கெஞ்சி முடிப்பான்.