இடது கன்னத்து மச்சம்

அன்புள்ள அப்பா,

நீங்கள் விட்டுப்போன பழைய நெகட்டிவ்களை விளக்குப் பலகைமேல் வைத்து, கேமராவில் படமெடுக்கிறேன். கணினியில் நிறங்களை மாற்றியதும் முகங்கள் தெரிகின்றன.

நீங்கள் தனியாகப் போனதிலிருந்து அம்மா உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. நேற்று உங்கள் கல்யாணப் படம் திரையில் வந்தபோது, துணி மடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"மக்கு, உங்கப்பாவுக்கு மச்சம் இடது கன்னத்துலடி. ஃபிலிமை மாத்தி வச்சிருக்கே."

ஃபிலிமைப் புரட்டி வைத்து மறுபடி படமெடுத்தேன். மச்சம் இடம் மாறியது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்ததைக் காட்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வந்தா உன்னைக் கேமராவைத் தொடவிட மாட்டாரு, பாத்துக்க."

வாருங்கள் அப்பா. கேமராவை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

உங்கள் மகள்