தசமியில் ஒரு டிக்கெட்

செப். 9, சனி
கண்டியில் விடாத மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஏஜென்ட் நானா வந்து சுதாவின் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை நேர் பிளேன் வேண்டாம் என்றது நான்தான். திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. புருஷனிடம் முதல் முறையாகப் போகிற மகளை அஷ்டமியில் அனுப்புவேனா? புதன் தசமி. அன்றைக்கு நேர் பிளேனில் இடமில்லை. பாரிஸ் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து லண்டனுக்கு இன்னொன்று.

சுதா டெங்குவில் படுத்து ஒரு மாதம் வீண். 15ஆம் திகதிக்குள் லண்டனில் இறங்காவிட்டால் அவள் விசா செல்லாது. அஷ்டமி விசா ஆபீசுக்குத் தெரியுமா என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். பேச்சைப் பார்.

வாங்கவேண்டியது: மல்லி, மிளகாய், பெட்டிக்குப் பூட்டு.

செப். 10, ஞாயிறு
கறித்தூள் வறுத்துக்கொண்டிருந்தபோது நானாவின் போன். குரலே சரியில்லை.

"ரெண்டும் வேற வேற டிக்கெட், தங்கச்சி. பாரிஸ்ல பெட்டிய வெளிய எடுத்துத் திரும்பப் போடணும். வெளிய வர அந்த நாட்டு விசா கேப்பாங்க."

புதனுக்குள் அது கிடைக்காதாம். திங்கள் டிக்கெட்டையே திருப்பித் தரச் சொன்னேன். அந்த இடம் போய்விட்டது. நேற்றே ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். சொன்னாராம். சொல்லியிருப்பார். நான் பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறித்தூள் கருகிவிட்டது.

செப். 11, திங்கள்
அஷ்டமி. நல்ல வெயில். மாப்பிள்ளை லண்டனிலிருந்து யோசனை சொன்னார். பெட்டியே வேண்டாம், கைப்பை மட்டும் போதும், அப்படியென்றால் பாரிஸில் வெளியே வரத் தேவையில்லை. கூறைச்சேலை, ஊறுகாய், ஸ்வெட்டர் எல்லாம் வெளியே. கூறைச்சேலை மறுபடி அலுமாரிக்குள். சுதா சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

செப். 12, செவ்வாய்
கோவிலில் உடைத்த தேங்காய் அழுகல். கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டான் என்றார் இவர்.

செப். 13, புதன்
தசமி. விடியுமுன் நல்ல நேரத்தில் வேன் வந்தது. வலது காலை வைத்துப் படி இறங்கினாள். திரும்பிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தேன், பார்க்கவில்லை. இவரும் கூடப் போனார். போனவள் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது. அவள் தலையிலிருந்து உதிர்ந்த பூ கூடத்தில் அப்படியே.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டோம் என்று போனில் சொன்னார் இவர். உள்ளே போய்விட்டாள் என்றார். பிறகு சுதாவின் போன்.

"லண்டன் டிக்கெட் வேறயாம், இவங்க டிக்கெட் பாரிஸ் வரைக்குந்தானாம், அம்மா. பாரிஸ் விசா எங்கன்னு கேக்குறாங்க. என்னைய ஏத்தலம்மா."

கைப்பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

செப். 15, வெள்ளி
மழை. விசாவுக்குக் கடைசி நாள். எந்தப் பிளேனிலும் இடமில்லை என்கிறார் நானா. புதனிலிருந்து மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை. வேலையாக இருக்கும் என்கிறார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

சுதா இரண்டு நாளாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இப்போது எழுந்து வந்து விளக்குமாற்றை எடுத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"போனவதான் திரும்பி வந்துட்டேனே. இனிமே கூட்டலாம்மா."

கூடத்துப் பூவையெல்லாம் வாசல்வரை கூட்டித் தள்ளினாள்.