அஜின் கையெழுத்தும் நாட்டின் கையெழுத்தும்

சாலை பஜார், திருவனந்தபுரம்

அன்பு மகள் ஷாலுவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் தம்பி அஜினும் நல்ல சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் வாசி.

தம்பி கேஸில் மனித உரிமை ஆணையத்தின் உத்தரவு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. யாரோ செய்த திருட்டுக்கு இவனைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் அடித்தது உண்மை என்றும், அதற்கு அரசாங்கமே பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த எஸ்.ஐ. மேல் வழக்குப் போடவும், இனிப் பிடிக்கிற யாரையும் போலீஸ் பக்கத்தில் நிற்காமல் டாக்டர் பார்க்கவும் சொல்லியிருக்கிறார்கள். நாலு தடவை வாசித்துவிட்டுக் கஞ்சி குடித்தேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு ருசி தெரிந்தது. நீயும் அப்போது விட்டுவிடம்மா என்றுதான் சொன்னாய், நான் மறக்கவில்லை. சபையிலும் அதையே சொன்னார்கள். எஸ்.ஐ.யே ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். மன்னிப்பை அவன் மனசாட்சியிடம் கேட்கட்டும், எனக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம் என்று திருப்பி அனுப்பினேன். இந்த எஸ்.ஐ. போனால் அந்த நாற்காலிக்கு இன்னொருத்தன் வருவான், உள்ளே இன்னொருத்தி மகன் கிடப்பான்.

கடைசி விசாரணையில் அரசாங்க வக்கீல் அந்தப் பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை கடையில் மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்தேன் என்று போலீஸ்காரர்களே எழுதி, போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அஜினிடம் கையெழுத்து வாங்கினார்களே, அதுதான். கையெழுத்து இவனுடையதுதானே என்று கேட்டார். அஜின் வேலை பார்க்கும் அரிசிக்கடை முதலாளி கோலப்பன் எழுந்து, முப்பது வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை என் கடை திறந்ததில்லை சாரே, சாவி என் இடுப்பில் கிடந்தது, அன்றைக்கு அங்கே மூட்டையைத் தொட்டது எலி மட்டும்தான் என்றார். ஆணையத்து அம்மாவே சிரித்துவிட்டார்கள். அப்புறம் நான் கேட்டேன். சித்திரவதை கூடாது என்று நம் நாடும் உலகத்துக்கு முன்னால் ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இருபத்தைந்து வருஷம் தாண்டியாயிற்று, இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை, தனிச்சட்டமும் இல்லை. அடிவாங்கிப் போட்ட கையெழுத்துக்கு என் மகன் கட்டுப்பட வேண்டுமென்றால், அடிவாங்காமல் போட்ட கையெழுத்துக்கு நாடு கட்டுப்பட வேண்டாமா என்றேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள் லைப்ரரியில் போய் உட்கார்ந்து என்ன படிக்கிறாள் என்று உன் சித்தி கேலி செய்தாளே, அவளுக்கும் உத்தரவின் நகல் ஒன்று கொடுத்திருக்கிறேன். அரசாங்கத்தார் மேல்கோர்ட்டுக்குப் போவார்கள், போகட்டும், எனக்கும் வழி தெரியும்.

நீ டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடு. இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் நிறுத்த வேண்டியிருக்கிறது. இங்கே தபாலாபீஸ் அந்தப் போலீஸ் ஸ்டேஷனை ஒட்டித்தான் என்று உனக்குத் தெரியும், இந்த மூன்று வருஷமும் அஜின் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை, எங்கே போனாலும் கிழக்கே சுற்றித்தான் போவான். இப்போது கடிதம் முடிந்ததா அம்மா, நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவன் மனசு மாறுவதற்குள் உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உத்தரவின் நகலும் உள்ளே இருக்கிறது, பத்திரமாக வை.

உன் அம்மா,
எலிசாள்